இடமில்லாமல் முளைத்த பல்

எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவளுடைய பல் வீட்டாரின் கண்ணுக்குத் தெரிகிறது. ஏழு வயதில் முளைத்த பல் அது. பன்னிரண்டு வயதில் அடுத்த பல்லின் மேல் ஏறியது. பதினைந்து வயதிலிருந்தே பல் தேய்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷத்தில் "வாயைத் திற, பார்க்கலாம்" என்று யாரும் கேட்கவில்லை. ஜாதகத்தோடு போட்டோ வைக்க வேண்டிய நேரத்தில்தான் தாய்க்காரி வந்து நிற்கிறாள். "டீச்சர், இந்தத் தெத்துப்பல்லுக்குக் கிளிப் போட்டா தை மாசத்துக்குள்ள சரியாயிடுமா?"

தை மாதத்துக்குள் ஆகாது. ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கிற வேலை அது. ஆனால் எனக்கு வருத்தம் தருவது அந்தத் தாமதம் இல்லை. பல் கோணலாக இருப்பதைப் பார்த்த கண், ஈறு சிவந்து வீங்கியிருப்பதைப் பார்க்கவில்லை. போட்டோவில் தெரிவது நோயாகிவிட்டது, வாய்க்குள் இருக்கும் நோய் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. பணி ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாடம் நடத்தியவள் நான். பல் விழுந்து பல் முளைக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே காலம் போனது. எனக்கும் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கித்தான் இருக்கின்றன. எழுபது தாண்டிய பிறகும் அவை ஆடாமல் நிற்கின்றன. அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பல் நெருங்குவதற்குக் காரணம் எளிது. பற்களின் மொத்த அகலம் ஒரு அளவு, தாடை கொடுக்கும் இடம் ஒரு அளவு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கடைசியில் வரும் பல்லுக்கு இடம் கிடைக்காது. மேல்வரிசையில் கோரைப்பல்தான் பெரும்பாலும் அப்படித் தாமதமாக வருகிறது. முன்பற்கள் நாலும் வந்து, பக்கத்துச் சிறு கடைவாய்ப்பற்களும் வந்து உட்கார்ந்த பிறகு, பதினோரு பன்னிரண்டு வயதில் அது இறங்குகிறது. இடம் இல்லையென்றால் ஈறின் மேல்பக்கத்திலேயே வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. சிங்கப்பல் என்று நாம் பெயர் வைத்திருப்பது அதற்குத்தான்.

பால் பற்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். முத்துக் கோத்தது போல இடைவெளியே இல்லாமல் இருந்தால் பெருமைப்படுகிறார்கள். உண்மை நேர் எதிர். பால் பல் சின்னது, அதன் இடத்துக்கு வரும் முன்பல் பெரியது. நாலு ஐந்து வயதில் முன்பற்களுக்கிடையே சந்து இருக்கும் பிள்ளைக்குப் பின்னால் வரும் பல்லுக்கு இடம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சந்தே இல்லாத பிள்ளைக்குப் பல் நெருங்க வாய்ப்பு அதிகம். இதைத் தெரிந்துகொண்டால் வீணாகக் கவலைப்பட வேண்டியதில்லை, கவனமாகவும் இருக்கலாம்.

"விழற பல்லுதானே டீச்சர், சொத்தையானா என்ன?" இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன்! இதைவிடப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் நினைப்பு வேறில்லை. பால் கடைவாய்ப்பல்லுக்கு மெல்லுவது மட்டும் வேலை இல்லை. கீழே வளர்ந்துகொண்டிருக்கும் பல்லுக்காக அது பத்துப் பன்னிரண்டு வயதுவரை இடத்தைப் பிடித்துக் காத்திருக்கிறது. ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். நிறையப் பேர் அதையும் பால் பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஏழு வயதிலேயே பிடுங்கப்பட்டால், இந்தப் பெரிய பல் காலி இடத்துக்குள் சாய்ந்து முன்னால் நகர்ந்துவிடும். அப்புறம் வர வேண்டிய பல் வருகிறபோது வாசல் அடைபட்டிருக்கும். பால் பல்லை அடைத்துக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்ற வேண்டும். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால், அந்த இடம் மூடிவிடாமல் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டுவார்கள். "இடம் மூடாம இருக்க ஏதாவது போடணுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்டால் செய்வார்கள். பலரும் கேட்பதில்லை.

கீழ்வரிசையில் இன்னொன்று நடக்கும். பால் பல் விழாமலே அதன் பின்னால், நாக்குப் பக்கத்தில், புதுப் பல் எட்டிப் பார்க்கும். "ரெண்டு வரிசையா முளைக்குது" என்று அலறிக்கொண்டு வருவார்கள். பால் பல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பிள்ளையே நாக்காலும் விரலாலும் ஆட்டி விழவைத்துவிடும். அது விழுந்த பிறகு நாக்கின் தள்ளலிலேயே புதுப் பல் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும், இடம் இருக்கும்வரை. சில வாரங்கள் கழித்தும் பால் பல் அசையவே இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே எட்டு ஒன்பது வயதில் விழும் இடைவெளிக்கும் பயப்பட வேண்டாம். கோரைப்பல் இறங்கும்போது அது அநேகமாக மூடிக்கொள்ளும். ஆனால் "முகம் வளர்ந்தா நெருக்கமும் தானா சரியாயிடும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். அந்த வயதுக்குப் பிறகு தாடை நீள்வது பெரும்பாலும் பின்பக்கம், வரப்போகும் கடைவாய்ப்பற்களுக்காக. முன்பகுதியின் அகலம் அதற்குமேல் பெரிதாகக் கூடுவதில்லை.

அப்பா வழி, அம்மா வழி என்று பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பாட்டுக்கும் உண்டு என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் கொருச்சினி என்ற மானிடவியலாளர் 1980களில் பஞ்சாபின் கிராமத்து இளைஞர்களையும் சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே மக்கள்தான், ஆனாலும் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பல்வரிசை அதிகம் கோணியிருந்தது. மென்மையான உணவால் தாடைக்கு வேலை குறைந்துபோனதே காரணம் என்றார் அவர். இதைக் கேட்டுவிட்டு நெருங்கிய பல்லைச் சரிசெய்யக் கரும்பு கடிக்கச் சொன்னால் பயனில்லை. வளரும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் குழைத்தே ஊட்டாமல், மென்று தின்னப் பழக்குவது நல்லது. அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நெருங்கிய பல் என்ன கெடுதல் செய்கிறது?

தன்னளவில் ஒன்றும் செய்வதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயமுறுத்தி வியாபாரம் செய்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கோணல் பல் நோய் இல்லை. சுத்தமாக வைத்திருந்தால் கோணல் பல்லும் நேர்ப் பல்லைப் போலவே ஆயுசுக்கும் நிற்கும். சிக்கல் எங்கே என்றால், அதைச் சுத்தமாக வைத்திருப்பது கடினம். இரண்டு வீட்டை ஒட்டிக் கட்டி நடுவில் ஒரு விரலகலச் சந்து விட்டால் அதற்குள் விளக்குமாறு நுழையாது, குப்பை மட்டும் நுழையும். ஒரு பல் இன்னொன்றை மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பிரஷ் மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போகிறது. பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் படலமாகச் சேரத் தொடங்குகின்றன. அன்றாடம் எடுக்காவிட்டால் உமிழ்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாட்களில் காரையாக இறுகுகிறது. அதற்குப் பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு இரட்டைத் துன்பம். பல் அதிகம் நெருங்குவதும் அங்கேதான். நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரந்து வரும் வாய் திறப்பதும் அங்கேதான். கண்ணாடி முன் நின்று, நாக்கைத் தூக்கி, கீழ்ப் பற்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டியாக ஒரு வரம்பு தெரிந்தால் அதுதான் காரை.

அந்தப் படலம் என்ன செய்யும் என்பதை டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் ஹரால்டு லோ என்பவர் 1965இல் வெளியிட்ட ஆய்வு காட்டிவிட்டது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம்போலப் போனபின் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ரத்தம் கசியும் ஈறைத் தேய்க்காமல் விடுவதுதான் நம் வீடுகளில் பழக்கம். "புண்ணா இருக்கு, தொடாதே" என்கிறோம். படலம் சேர்ந்துதான் ரத்தம் வருகிறது. அதை மென்மையாகத் தேய்த்து எடுத்தால்தான் நிற்கும்.

அதே லோவும் அவருடன் இருந்தவர்களும் பிறகு இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1970இலிருந்து 1985 வரை, பிரஷ்ஷும் பல் வைத்தியமும் எட்டாத 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். நம் சனம் கொழுந்து கிள்ளிய மலைகள் அவை. அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தை அநேகமாக இல்லை. பல் விழுந்ததெல்லாம் ஈறு நோயால்தான். எல்லார் வாயிலும் படலமும் காரையும் இருந்தும், 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நோய் நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் பல்லின் பிடிமானம் குறைந்துகொண்டே போனது. 8 சதவீதம் பேருக்கு அதி வேகத்தில் போய்ப் பற்கள் விழுந்தன. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: எங்கள் தாத்தா பல்லே தேய்க்காமல் தொண்ணூறு வயதுவரை கரும்பு கடித்தார் என்று சொல்லும் குடும்பத்தில், தாத்தா அந்த 11 சதவீதம் பேரைப் போன்ற ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டம் என்று யார் சொல்ல முடியும்? அவனுக்குப் பல்லும் நெருங்கியிருந்தால் தாத்தாவின் கதையை நம்பி இருக்கக் கூடாது.

நெருங்கிய பல்லைத் தேய்க்கும் முறை வேறு. என் மாமியார் காலத்தில் ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும்தான். வெளிப்பக்கத்துக்கு அவை நல்ல வேலை செய்யும். ஆனால் கீழ்ப் பல்லின் உள்பக்கத்துக்குக் குச்சி திரும்பாது. பிரஷ் சின்னத் தலையாக, மென்மையான நாராக இருக்கட்டும். முன்பற்களின் உள்பக்கத்துக்கு அதைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக, ஈறிலிருந்து நுனிக்கு இழுங்கள். பல் பின்தள்ளி இருக்கும் இடத்துக்கு ஒற்றைக் கொத்து நார் மட்டும் உள்ள சின்ன பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. அது போகிற இடத்துக்குப் பெரிய பிரஷ் போகாது. பல்லிடுக்குக்கு நூல், சந்து சற்றுப் பெரியதாக இருந்தால் இடுக்கில் நுழைக்கும் பிரஷ். நூலை "டக்" என்று ஈறில் அறையாமல், பல்லை வளைத்து அணைத்து மேலும் கீழும் இழுக்க வேண்டும். ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி இவற்றால் குத்தாதீர்கள். ஈறுதான் கிழியும். செங்கல் பொடி, கரித்தூள், உப்புக்கல் எல்லாம் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். முன்னால் துருத்திய பல்தான் முதலில் தேயும், ஏனென்றால் கையின் பலம் முழுக்க அதன் மேல்தான் விழுகிறது. ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட் போதும். இரவில் படுக்கும் முன் தேய்ப்பதைத்தான் காலைத் தேய்ப்பைவிட முக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காரை சேர்ந்துவிட்டால் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளத்தான் வேண்டும். "ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்" என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள். நடப்பது என்னவென்றால், காரை ஈறைத் தின்று கீழிறக்கி, அந்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பல்லைப் பிடித்திருந்த எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது. காரையை எடுத்ததும், மறைந்திருந்த சந்து வெளியே தெரிகிறது. கூச்சமும் சில நாள் இருக்கும். சந்தை உண்டாக்கியது டாக்டரின் கருவி இல்லை. எடுக்காமல் விட்டால் மீதி எலும்பும் போகும்.

இன்னொரு பயம், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. கிளிப் போட இடம் வேண்டி நல்ல பற்கள் சிலவற்றை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது பாட்டிமார்கள் இதைச் சொல்லித்தான் தடுக்கிறார்கள். பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு கண்ணின் பின்னாலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. பல்லுக்கு வருவது வேறு நரம்பு. ஒன்றை எடுத்தால் மற்றொன்று அறுந்துபோகாது. மாறாக, சீழ் பிடித்த மேல்பல்லை எடுக்காமல் விட்டால்தான் வீக்கம் கண்ணைச் சுற்றிப் பரவி ஆபத்து வரலாம். இதை நான் பேரப்பிள்ளைகள் உள்ள என் வயதுப் பெண்களுக்காகவே எழுதுகிறேன். வீட்டில் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைப் பிள்ளையின் வைத்தியத்தைத் தடுக்கச் செலவழிக்கக் கூடாது.

கிளிப் போடுவதா வேண்டாமா? ஏழு வயதில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். போடுவது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குமேல்தான். ஆனால் முன்பே காட்டினால் சிலவற்றை எளிதில் தடுக்கலாம். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம், ஈறு நோய் இல்லாமல் இருந்தால். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கப்பட்டது. தனியாரிடம் போக வசதியில்லாதவர்கள் அங்கே போய்க் கேட்கலாம். கிளிப் போட்டிருக்கும் காலத்தில் சுத்தம் இரண்டு மடங்கு வேண்டும். கம்பியைச் சுற்றிப் படலம் நின்றால், கழற்றும்போது பல் நேராகவும் அதன் மேல் வெள்ளைத் திட்டாகவும் இருக்கும். அந்தத் திட்டுதான் சொத்தையின் ஆரம்பம். கழற்றிய பிறகு கொடுக்கும் தகட்டை மாட்டிக்கொள்ளாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடக்கத் தொடங்கும். அமெரிக்காவில் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் எடுத்துக் கிளிப் போட்டு முடித்தவர்களைத் தகடு கழற்றிய பத்து வருஷத்துக்குப் பின் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி நெருங்கியிருந்தன. 1981இல் வந்த ஆய்வு அது. இரவில் தகடு போடுவது பல வருஷப் பழக்கம் என்று ஆரம்பத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதால்தான் முன்பல் நெருங்குகிறது என்று அதைப் பிடுங்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முன்பல் நெருங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1998இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. வலியோ சீழோ இருந்தால் எடுக்கலாம், அது வேறு காரணம்.

கிளிப் போடாமலே இருக்க முடிவெடுத்தாலும் அதில் குறைவில்லை. வசதி இல்லாத வீட்டில் கடன் வாங்கிப் பல்லை நேராக்கி, பிறகு அதைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்காமல் விடுவதைவிட, கோணல் பல்லோடு சுத்தமாக இருக்கக் கற்றுக்கொடுப்பது மேல். ஆனால் ஒன்றை மட்டும் வீட்டிலும் பள்ளியிலும் நிறுத்த வேண்டும். "ஏய் தெத்துப்பல்லு" என்று கூப்பிடுவது. அப்படிக் கூப்பிடப்பட்ட பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகுகிறது. மூடிய வாயைப் பல் டாக்டரிடமும் திறக்காது. பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்ட பிள்ளைகளை நான் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்திருக்கிறேன். அவர்கள் வாயில்தான் பார்க்க வேண்டியது அதிகம் இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிளிப் போடாத வாயிலும் கீழ் முன்பற்கள் வயதாக ஆக இன்னும் நெருங்கும். அதோடு சர்க்கரையும் சேர்ந்தால் ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும் நாளில் பல்லையும் காட்டும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் மடங்காதவர்கள் பிரஷ்ஷின் கைப்பிடியில் துணி சுற்றிக்கொண்டால் பிடிப்பது எளிது. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டில் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு துளி பேஸ்ட் மட்டும் வைத்து, கீழ்ப் பல்லின் உள்பக்கத்தை முதலில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும்.